உயிரியல் திறன் என்னும் ஒற்றை எண்

இந்தியப் பல்கலைக்கழகங்களின் தாவரவியல், நுண்ணுயிரியல், தாவர நோயியல் துறைகளில் ஆண்டுதோறும் தவறாமல் எழுதப்படும் ஓர் ஆய்வேடு உண்டு. காளான் இனத்தின் பெயர் மாறும். மாவட்டத்தின் பெயர் மாறும். பொருள் மட்டும் மாறாது. பல்வேறு வேளாண் கழிவுகளில் சிப்பிக்காளானின் வளர்ச்சியும் விளைச்சலும் என்பதே அது. நெல் வைக்கோல், கோதுமை வைக்கோல், கரும்புச் சக்கை, வாழைச் சருகு, மக்காச்சோளத் தக்கை, மரத்தூள், ஆகாயத்தாமரை என ஐந்தாறு தளப்பொருள்கள்; ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து பைகள்; மூன்று அறுவடைகள்; இறுதியில் ஒரு மாறுபாட்டுப் பகுப்பாய்வு. பெரும்பாலும் வைக்கோலோ பஞ்சாலைக் கழிவுப் பஞ்சோ முதலிடம் பெறும். ஆய்வேடு ஷோத்கங்காவிலோ கிருஷிகோஷிலோ சேர்ந்துவிடும். அடுத்த ஆண்டு வேறொரு மாவட்டத்தில் அதே கேள்வி மீண்டும் கேட்கப்படும்.

திரும்பச் செய்வது குற்றமன்று. வேளாண்மை இடம் சார்ந்தது. ஓரிடத்து வைக்கோல் மற்றோரிடத்து வைக்கோலைப் போல் இருப்பதில்லை. ஆறு மாத அவகாசமும் ஓர் இருட்டறையும் சொற்ப நிதியும் கொண்ட முதுநிலை மாணவர் ஒருவர், தூய வளர்ப்பு, வித்துத் தயாரிப்பு, ஈரப்பத மேலாண்மை, புள்ளியியல் ஆகிய அனைத்தையும் ஒரே ஆய்வில் கற்றுக்கொள்ளக் காளானைவிட நல்ல உயிரி எளிதில் கிடைக்காது. குறை வேறிடத்தில் இருக்கிறது. இத்தனை உழைப்புக்குப் பின்னும் இந்த ஆய்வுகள் ஒரே ஓர் எண்ணை மட்டுமே அளந்து நிறுத்திக்கொள்கின்றன. உயிரியல் திறன் என்பது அந்த எண்ணின் பெயர்.

இந்தக் கேள்விக்கு உயிர்ப்பு இருந்த காலம் ஒன்று உண்டு. 1917இல் ஜெர்மனியில் ரிச்சர்ட் ஃபால்க் மரக்கட்டைகளில் சிப்பிக்காளானை வளர்த்துக் காட்டினார். 1940களின் தொடக்கத்தில் கோயம்புத்தூரில் வைக்கோல் காளான் வளர்ப்பு முயலப்பட்டது. 1962இல் மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பானோவும் ஸ்ரீவத்சவாவும் நெல் வைக்கோலில் சிப்பிக்காளானை விளைவித்தனர். 1970களில் சோலனில் வாழைத்தண்டும் நறுக்கிய வைக்கோலும் சோதிக்கப்பட்டன. அவர்கள் கேட்டது, ‘இதில் வளருமா?’ என்பது. விடை ‘வளரும்’ என்பதாக இருந்தது. சிப்பிக்காளான் ஒரு வெண்ணழுகல் பூஞ்சை. லாக்கேஸ், மாங்கனீசு பெராக்சிடேஸ் போன்ற நொதிகளால் லிக்னினைச் சிதைத்து அதன் பின்னால் இருக்கும் செல்லுலோசை எட்ட வல்லது. ஆகவே லிக்னோசெல்லுலோஸ் உள்ள ஏறத்தாழ எந்தத் தாவரப் பொருளிலும், ஈரமும் காற்றும் தைதசனும் ஓரளவு பொருந்தினால், அது வளரும். இது தெரிந்து அரை நூற்றாண்டு ஆகிறது. இன்று ‘வளருமா?’ என்று மீண்டும் கேட்பதில் பயிற்சி இருக்கலாம், கண்டுபிடிப்பு இல்லை.

உயிரியல் திறன் என்பது என்ன? அறுவடையான புதுக்காளானின் எடையை, உலர்ந்த தளப்பொருளின் எடையால் வகுத்து நூறால் பெருக்குவது. மேலே ஈரமான பொருள், கீழே உலர்ந்த பொருள். புதுக்காளானில் ஏறத்தாழ 90 விழுக்காடு நீர். பத்துக் கிலோ உலர் வைக்கோலிலிருந்து எட்டுக் கிலோ காளான் கிடைத்தால் திறன் 80 விழுக்காடு. ஆனால் அந்த எட்டுக் கிலோவில் உலர் பொருள் ஒரு கிலோவுக்கும் குறைவு. அறுவடைக்குச் சற்று முன் நீர் தெளித்த அறையில் எண் உயரும். தெளிக்காத அறையில் தாழும். 35 நாளில் 80 விழுக்காடு தரும் படுக்கையும் 60 நாளில் அதே அளவு தரும் படுக்கையும் அட்டவணையில் சமம். வாடகைக் கொட்டகையில் வளர்ப்பவருக்கு அவை சமமல்ல. தவிடோ கடலைமாவோ கலந்தால் எண் ஏறும். கூடவே செலவும், பச்சைப் பூஞ்சை தாக்கும் வாய்ப்பும் ஏறும். எண்ணில் இவை எதுவும் தெரிவதில்லை.

இந்த எண்ணின் குறையை ஒடிசாவில் தெளிவாகக் காணலாம். அங்கே மக்கள் பெரிதும் விரும்பி உண்பது வைக்கோல் காளான். திறந்தவெளியில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி வளர்க்கும் முறையில் அதன் உயிரியல் திறன் 10 முதல் 15 விழுக்காடுதான். சிப்பிக்காளானோடு அட்டவணையில் ஒப்பிட்டால் அது கடைசி இடத்தில் நிற்கும். ஆயினும் கோடை வெப்பத்திலேயே வளர்வது, இரண்டு வாரத்துக்குள் முதல் அறுவடையைத் தருவது, சந்தையில் நல்ல விலை பெறுவது ஆகியவற்றால் அது நிலைத்திருக்கிறது. குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் விரைவில் குழைந்து கெட்டுவிடும் என்பதால், பறித்த நாளிலேயே விற்கப்படுகிறது. உள்ளூர்ச் சந்தை அதன் வலிமையாகவும் எல்லையாகவும் இருக்கிறது. அந்தக் காளான் லிக்னினைச் சிதைப்பதில் வலுக்குறைந்தது. எனவே செல்லுலோஸ் மிகுந்த கழிவுப் பஞ்சில் கூடுதலாக விளைகிறது. ஆனால் ஒடிசாவின் சிற்றூரில் கழிவுப் பஞ்சுக்கு எங்கே போவது? அங்கே உள்ள கேள்வி வேறு. கட்டுகள் கட்ட நசுங்காத நீண்ட வைக்கோல் வேண்டும். அறுவடை இயந்திரம் வந்த வயல்களில் அது கிடைப்பது அரிதாகிறது. இயந்திரம் நறுக்கிப்போட்ட வைக்கோலில் இந்தக் காளானைச் சிறு விவசாயி எப்படி வளர்ப்பது என்பது ஓர் ஆய்வேட்டுக்குத் தகுதியான கேள்வி.

‘கழிவு’ என்னும் சொல்லும் கணக்கில் வர வேண்டும். பஞ்சாபில் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு கோடி டன் நெல் வைக்கோல் விளைகிறது. சிலிக்கா மிகுந்த அந்த வைக்கோலை அங்கே மாட்டுத் தீவனமாக விரும்புவதில்லை. கோதுமை விதைப்புக்கு நாள் நெருங்குவதால் பெரும்பகுதி எரிகிறது. அதே நெல் வைக்கோல் தமிழ்நாட்டிலும் வங்கத்திலும் ஒடிசாவிலும் மாட்டின் உணவு. வறட்சி ஆண்டில் அதன் விலை ஏறும். அங்கே வைக்கோலைக் கழிவு என்பது மாடு வைத்திருப்பவருக்கு வியப்பாக இருக்கும். கரும்புச் சக்கையும் அப்படியே. ஆலைகள் அதைக் கொதிகலனில் எரித்து மின்சாரம் எடுக்கின்றன. ஒரு பொருள் கழிவா இல்லையா என்பதை அதன் வேதியியல் தீர்மானிப்பதில்லை; இடமும் மாதமும் தீர்மானிக்கின்றன.

இதே காரணத்தால், வைக்கோல் எரிப்புக்குக் காளானே தீர்வு என்று ஆய்வேட்டு முன்னுரைகள் எழுதுவதும் கணக்குக்கு நிற்பதில்லை. 80 விழுக்காடு திறனில் பத்து இலட்சம் டன் சிப்பிக்காளான் விளைவிப்பதாகக் கொண்டாலும், தேவைப்படுவது பன்னிரண்டரை இலட்சம் டன் வைக்கோல். பஞ்சாபின் வைக்கோலில் அது பதினாறில் ஒரு பங்கு. அத்தனை காளானையும் வாங்கி உண்பவர் யார் என்பது அடுத்த கேள்வி. காளான் வளர்ப்பு ஒரு குடும்பத்துக்கு வருமானம் தரலாம். ஒரு மாநிலத்தின் புகையை அது அடக்காது. இரண்டையும் குழப்பும் முன்னுரை, ஆய்வின் நேர்மையான பயனையும் மறைத்துவிடுகிறது.

இவற்றைவிடக் கவலைக்குரியது உடல்நலம். ஆகாயத்தாமரையில் சிப்பிக்காளான் வளரும் என்பது பலமுறை காட்டப்பட்டுவிட்டது. ஆகாயத்தாமரை நீரிலுள்ள கன உலோகங்களை உறிஞ்சும் என்பது அறிந்ததே; சிப்பிக்காளான் தளப்பொருளிலிருக்கும் காட்மியத்தைத் தன்னுள் சேர்க்கும் என்பதும் அறிந்ததே. சாயக் கழிவு கலக்கும் ஏரியிலிருந்து எடுத்த ஆகாயத்தாமரையில் விளைந்த காளானின் எடையை மட்டும் அளந்து, உலோக அளவைச் சோதிக்காமல், ‘உகந்த தளப்பொருள்’ என்று பரிந்துரைப்பது அறிவியல் ஆகாது.

தொற்றுநீக்கமும் அப்படித்தான். கார்பென்டசிம் பூசணக்கொல்லியும் ஃபார்மலினும் கலந்த நீரில் வைக்கோலை 16 முதல் 18 மணி நேரம் ஊறவைப்பது இந்தியாவில் பரவலான முறை. நூறு லிட்டர் நீருக்கு 7.5 கிராம் கார்பென்டசிம், 125 மில்லி ஃபார்மலின் என்பது வழக்கமான அளவு. அடுப்பெரிக்க விறகு வேண்டாம் என்பதே இதன் கவர்ச்சி. ஆனால் ஃபார்மால்டிஹைடை மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. அந்த நீரில் கைவிட்டு வைக்கோலை அள்ளிப் பிழிவது பெரும்பாலும் மகளிர் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்த பெண். நீராவி, வெந்நீர், சுண்ணாம்பு நீர் ஆகிய மாற்று முறைகள் உள்ளன. அவற்றுக்கு ஆகும் எரிபொருள் எவ்வளவு, கெட்டுப்போகும் பைகள் எத்தனை என்று தளப்பொருள்வாரியாக ஒப்பிட்டால் அவருக்குப் பயன்படும் அட்டவணை ஒன்று பிறக்கும். ஆய்வேட்டில் தொற்றுநீக்கம் ‘பொருள்களும் முறைகளும்’ பகுதியில் ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது.

கெட்டுப்போன பைகளும் அந்த ஏட்டில் இருப்பதில்லை. டிரைக்கோடெர்மா தாக்கிய பையைத் தூக்கி எறிந்துவிட்டு, நல்ல பைகளின் சராசரியை எழுதுவது பல ஆய்வகங்களில் பழக்கமாகிவிட்டது. இருபது பையில் ஆறு கெட்டன என்பது தரவு. வளர்ப்பவருக்கு ஒருவேளை அதுவே முதன்மையான தரவு. அவரது கொட்டகையில் கெட்ட பைகள் சராசரியிலிருந்து விலகிவிடுவதில்லை.

கேள்வியை மாற்றினால் என்ன நிகழும் என்பதற்கு நல்ல சான்று தென்னைநார்க் கழிவு. லிக்னின் மிகுந்த அந்தக் கழிவில் எவ்வளவு காளான் விளையும் என்று மட்டும் கேட்டிருந்தால், அது பட்டியலின் அடியில் கிடந்திருக்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் கேட்கப்பட்ட கேள்வி வேறு: சாலையோரம் மலைபோலக் குவியும் இதைச் சிப்பிக்காளான் பூஞ்சையால் மட்கவைக்க முடியுமா? பூஞ்சை வித்தும் யூரியாவும் அடுக்கடுக்காக இட்டு ஒரு மாதம் வைத்தபோது, கரிம-தழைச்சத்து விகிதம் 112:1இலிருந்து 24:1க்கு இறங்கியது. எருவாகும் பொருள் கிடைத்தது. உண்ணும் காளான் ஒன்றுகூட அறுவடையாகாத அந்த ஆய்வு வயலுக்குப் போயிற்று.

ஆய்வுத் துறைகள் செய்ய வேண்டியது பெரிய சீர்திருத்தமன்று. தளப்பொருள் ஒப்பீட்டு ஆய்வு எதுவாயினும், உயிரியல் திறனோடு சேர்த்துச் சில விவரங்களைக் கட்டாயமாகக் கேட்டால் போதும்: பொருள் எந்த மாதம், யாரிடமிருந்து, என்ன விலைக்குக் கிடைத்தது, அதற்கு உள்ளூரில் வேறு பயன் உண்டா, காளானின் உலர் எடை, வித்திட்ட நாள் முதல் கடைசி அறுவடை வரையான நாள்கள், கெட்ட பைகளின் எண்ணிக்கை, தொற்றுநீக்கத்துக்கான எரிபொருள் அல்லது வேதிப்பொருளின் அளவு, ஐயமுள்ள பொருளாயின் உலோகம், பூச்சிக்கொல்லி எச்சம், அறுவடைக்குப் பின் தளப்பொருள் சென்ற இடம். எச்சச் சோதனை நீங்கலாக இவற்றில் எதற்கும் விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஒரு தராசும் ஒரு குறிப்பேடும், ஊருக்குள் சென்று விலை கேட்கும் பொறுமையும் போதும். எல்லாரும் ஒரே படிவத்தில் எழுதினால், இன்று தனித்தனியே கிடக்கும் சிறு ஆய்வுகள் நாளை ஒரு நாட்டின் வரைபடமாகும். அப்போது திரும்பச் செய்வதே பலமாகும்.

உயிரியல் திறன் அட்டவணையைப் படித்துவிட்டு யாரோ ஒருவர் கடன் வாங்கிக் கொட்டகை போடுகிறார். தளப்பொருளை மாற்றுகிறார். ஐந்து பைகளின் சராசரி அவரிடம் ஐந்நூறு பைகளாகிறது. அவர் கணக்கு எழுதும்போது அதில் வைக்கோலின் விலையும் கெட்ட பையும் விறகும் கையரிப்பும் இருக்கும். அவருடைய குறிப்பேட்டில் உள்ளவை, அவருக்குப் பரிந்துரை வழங்கிய ஆய்வேட்டிலும் இருந்திருக்க வேண்டும்.