ஹோட்டாவின் வாசற்படி

மாலைதீவுக்குப் போகிறோம் என்று சொன்னதும், "உங்கட வாப்பாவுக்குப் புதையல் கிடைச்சதா?" என்று தோழிகள் கேட்டார்கள். புதையல் ஒன்றுமில்லை. மாலேயில் வேலை செய்யும் மாமா விமானச் சீட்டுக்குப் பாதிப் பணம் அனுப்பியிருந்தார். தங்குவதற்கு ஓர் அறையும் பார்த்து வைத்திருந்தார். மிச்சமிருந்த ஒரே கவலை சாப்பாடுதான். உம்மா அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் எல்லாம் பையில் அடுக்கினார். "பயணம் போறமா, குடி போறமா?" என்று வாப்பா சிரித்தார்.

அவருடைய சிரிப்பு இரண்டாம் நாளே நின்றுவிட்டது. மாலேயிலிருந்து படகில் ஒன்றரை மணித்தியாலம் போய் மாஃபுஷி என்ற தீவைப் பார்த்தோம். முன்பு உல்லாசப் பயணிகள் பெரும்பாலும் தனித் தீவு விடுதிகளில்தான் தங்கினார்கள். 2009ஆம் ஆண்டை அடுத்துத்தான் மக்கள் வாழும் தீவுகளில் சிறு விடுதிகள் பெருகின. அப்படிப் பெருகிய தீவுகளில் மாஃபுஷியும் ஒன்று. கடற்கரை ஓரமாக இருந்த ஓர் உணவகத்தில் ஐந்து பேரும் பொரித்த சோறு சாப்பிட்டோம். பட்டியலில் பார்த்த விலை ஒன்று, பில்லில் வந்த தொகை வேறு. நூற்றுக்குப் பத்து சேவைக் கட்டணம், அதற்கு மேல் உல்லாசப் பயணத்துறை வரி. வாப்பா ஒன்றும் பேசாமல் பில்லை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை மாமா ஒரு பொதியோடு வந்தார். மெல்லிய ரொட்டி, அதை 'ரொஷி' என்கிறார்கள். கூடவே 'மஸ் ஹுனி': உதிர்த்த சூரை மீன், துருவிய தேங்காய், வெங்காயம், மிளகாய், தேசிக்காய்ப் புளி எல்லாம் சேர்த்துப் பிசைந்தது. உம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "இது நம்மட சம்பல்தானே!" என்றார். உண்மைதான். நாம் சம்பலில் இடித்துப் போடும் மாசி அந்தத் தீவுகளிலிருந்து வந்த பொருள்தானே! எங்கள் ஐந்து பேருக்குமான அந்தக் காலைச் சாப்பாட்டின் விலை, முந்திய நாள் ஒருவருடைய தட்டுச் சோற்றின் விலையைவிடக் குறைவு.

இங்கே மலிவாகச் சாப்பிடும் வழி அன்றைக்கே எனக்கு விளங்கிவிட்டது. அந்த மண்ணிலும் கடலிலும் கிடைப்பதைச் சாப்பிட வேண்டும். மாலைதீவில் மீனும் தேங்காயும் தாராளம். அரிசி, மா, மரக்கறி, கோழி எல்லாம் பெரும்பாலும் கப்பலில் வருகின்றன. ஆகவே கோழி பிரியாணி தேடுகிறவர் கப்பல் கூலியும் சேர்த்துக் கொடுக்கிறார். 'கருதியா' என்ற தெளிந்த மீன் சாறும் சோறும் கேட்கிறவர் தீவார் கொடுக்கும் விலையைத்தான் கொடுக்கிறார். ஹலாலா என்ற பயமும் நமக்கு இல்லை.

இந்தச் சாப்பாடெல்லாம் கிடைப்பது 'ஹோட்டா' என்ற சிறு தேநீர்க் கடைகளில். பின்னேரத்தில் மேசை நிறைய 'ஹெதிகா' என்ற சிற்றுண்டிகளைத் தட்டுத் தட்டாக வைக்கிறார்கள். மீன் உருண்டை, பஜியா, உறைப்பான மீன் கேக் என்று பல வகை. சாப்பிட்டதை மட்டும் எண்ணிக் காசு எடுக்கிறார்கள். நம் ஊர்த் தேத்தண்ணிக் கடைக்கு அது ஒன்றுவிட்ட சகோதரம்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர்கள் மாமாவும் நானாவும். உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் அவர்கள்தான். உம்மாவும் நானும் கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து, பையில் வந்து ஆறிப்போன பஜியாவைச் சாப்பிட்டோம். மாமா போன கடைகளில் ஒரு பெண்ணையும் நான் காணவில்லை. புதிய கஃபேக்களில் பெண்கள் தாராளமாக இருக்கிறார்கள். ஆனால் அங்கே விலை வேறு. பெண்ணுக்குக் கதிரை இருக்கும் இடத்தில் சாப்பாடு விலை கூட. சாப்பாடு மலிவான இடத்தில் பெண்ணுக்குக் கதிரை இல்லை. என் கருத்து இதுதான்: குறைந்த செலவில் நல்ல சாப்பாடு என்று நாம் பேசுவது பாதிப் பேருக்கான பேச்சு.

மாலைதீவை மட்டும் குறை சொல்ல நான் வரவில்லை. நம் ஊரில் என்ன நடக்கிறது? நானா இஞ்சி பிளேன்டீயும் ரோல்ஸும் சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குப் போகிறார். நாங்கள் பசியோடு போகிறோம், அல்லது குடும்ப அறை உள்ள பெரிய கடையில் இரட்டிப்புக் காசு கொடுக்கிறோம்.

பதினான்காம் நூற்றாண்டில் இப்னு பதூதா அந்தத் தீவுகளில் காழியாக இருந்தார். அப்போது ஆட்சி செய்தவர் சுல்தானா கதீஜா என்ற பெண். அங்கே மனைவியர் கணவரோடு அமர்ந்து உண்பதில்லை என்றும், தான் எவ்வளவு முயன்றும் தன் மனைவியரில் சிலர் அதற்கு இணங்கவில்லை என்றும் அவர் எழுதியிருக்கிறார். அரியணையில் பெண்ணுக்கு இடம் இருந்தது, சாப்பாட்டு விரிப்பில் இருக்கவில்லை!

"பொம்புளப் புள்ளைகளுக்குக் கடையில என்ன வேல?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஹயா வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் தெருச் சுவரில் உட்கார்ந்து சாப்பிடுவதைவிட, கடைக்குள் ஒரு மேசையில் அமர்ந்து சாப்பிடுவதுதானே கண்ணியம்? நான் கேட்பது பெரிய மண்டபம் அல்ல. ஓரமாக ஒரு மேசை, கை கழுவத் துப்புரவான ஓரிடம், அதே விலை.

கடைசி நாள் அஸருக்குப் பின் மாமா ஒரு ஹோட்டாவின் வாசலில் நின்று, "ராத்தா, உள்ளுக்கு வாங்க" என்றார். உம்மா படியில் கொஞ்ச நேரம் தயங்கி நின்றார். பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார். யாரும் தடுக்கவில்லை. சிலர் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தங்கள் தேநீருக்குத் திரும்பினார்கள். பரிமாறும் பையன் மேசையைத் துடைத்து, எங்களுக்கும் தட்டுகளை வைத்தான்.

பஜியா சுடச்சுட இருந்தது. அதுவரை நான் சாப்பிட்டதெல்லாம் ஆறிய பஜியா என்பது அப்போதுதான் தெரிந்தது.