மாத்திரை தந்தால் போதுமா?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிக்கு எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் எல்லாம் பார்க்கிறார்கள். "வெளிக்கு ஒழுங்காகப் போகிறதா அம்மா?" என்று கேட்பவர் அபூர்வம். எட்டாம் மாதத்தில் பல பெண்களின் பெரிய அவஸ்தையே மலச்சிக்கல்தான்.

புரோஜெஸ்டிரோன் குடலின் அசைவை மந்தமாக்குகிறது. வளர்ந்த கருப்பை மலக்குடலை அழுத்துகிறது. போதாக்குறைக்கு, அரசு தரும் 60 மில்லிகிராம் இரும்புச்சத்து மாத்திரை பலருக்கு மலத்தை இறுக்கிவிடும். 180 நாள் விழுங்க வேண்டிய மாத்திரையை, முக்கி முக்கி மூலம் வந்த பிறகு யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிடும் பெண்கள் உண்டு. ரத்தசோகை ஒழிப்பில் இது சின்ன ஓட்டை அல்ல.

மாத்திரை அட்டையோடு ஆலோசனையும் சேர வேண்டும்: கீரை, கொய்யா, நிறையத் தண்ணீர், வெஸ்டர்ன் கழிப்பறை என்றால் காலடியில் ஒரு முக்காலி. அதற்கும் மசியாவிட்டால் மருத்துவர் இசப்கோலோ லாக்டுலோஸோ எழுதித் தருவார். பாட்டி நீட்டும் விளக்கெண்ணெய் மட்டும் வேண்டாம். அது கருப்பையையும் சுருங்கத் தூண்டக்கூடும். ரத்தம் போனாலோ, வயிற்று வலியோடு வாந்தி வந்தாலோ உடனே மருத்துவமனைதான்.

தண்ணீர் குடிக்கச் சொல்வது சுலபம். நாள் முழுக்க ஜவுளிக்கடையில் நிற்கும் கர்ப்பிணி, பக்கத்தில் சுத்தமான கழிப்பறை இல்லாவிட்டால் எந்தத் தைரியத்தில் குடிப்பார்? தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் கடைக்குள் நுழைந்ததும் முதலில் அதைப் பார்க்கட்டும்.