மூளையை வாசலில் கழற்றிவைப்பவர்கள்

"பிஎச்.டி. முடிச்சவரு நீங்க, இன்னுமா சார் இதையெல்லாம் நம்புறீங்க?" காரைக்குடி வட்டாரத்துக் கல்லூரிகளில் வேலை பார்க்கும் கிறிஸ்தவ ஆசிரியருக்கு ஸ்டாஃப் ரூமில் இது பழகிப்போன கேள்வி. கேட்பவரே ஆயுத பூஜையன்று ஆய்வகக் கருவிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தவராக இருப்பார். அது வேறு கதை.

படிப்பு ஏற ஏற பக்தி இறங்கியாக வேண்டும், இறங்காவிட்டால் படிப்பில் ஏதோ கோளாறு என்கிற இந்த எண்ணத்தை நாத்திக நண்பர்கள் சொன்னால் வாதாடிக்கொள்ளலாம். எனக்கு எரிச்சல் ஊட்டுவது, ஜெபக் கூட்டத்துக்குள் உட்கார்ந்திருப்பவர்களும் அதையே நம்புவதுதான். பேராசிரியர்களும் அலுவலக ஊழியர்களும் மதிய இடைவேளையில் கூடுகிறார்கள். பாட்டு, ஒரு வசனம், பிறகு ஜெபக்குறிப்புகள்: பதவி உயர்வு, இடமாற்றம், மகளின் நீட் தேர்வு, கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழுவின் வருகை. கேட்பதில் தவறில்லை, மனிதருக்குக் கவலை இருக்கும். ஆனால் வகுப்பில் ஒரு சமன்பாட்டை மூன்று விதமாகச் சோதித்துப் பார்க்கும் அதே மனிதர், ஆதியாகமத்தைப் பற்றி இளம் ஆய்வாளர் ஒருவர் சந்தேகம் எழுப்பினால், "விசுவாசத்துல கேள்வி கேக்கக் கூடாது தம்பி" என்று முடித்துவிடுகிறார். ஸ்டாஃப் ரூம் கிண்டலுக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

படிப்பும் விசுவாசமும் ஒத்துப்போகாது என்ற எண்ணம் காரைக்குடிக்குப் பொருந்தவே பொருந்தாது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையத்தை 1953 ஜனவரி 14 அன்று திறந்துவைத்தவர் டாக்டர் ராதாகிருஷ்ணன். அவர் தத்துவம் படித்தது சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில், ஆல்ஃபிரட் ஜார்ஜ் ஹாக் என்னும் மிஷனரிப் பேராசிரியரிடம். இந்து சமயத்தின் மீது கிறிஸ்தவர்கள் வைத்த விமர்சனம்தான் தம் சமயத்தை ஆராயத் தம்மைத் தூண்டியது என்று ராதாகிருஷ்ணனே பின்னாளில் சொன்னார். வேதாந்தத்தின் அறநெறியை நியாயப்படுத்தி அவர் 1908-இல் எம்.ஏ. ஆய்வேடு எழுதினார், ஆசிரியர் கோபிப்பாரோ என்ற பயத்தோடு. ஹாக் பாராட்டினார். மாணவர் மதம் மாறவில்லை, ஆசிரியரின் விசுவாசமும் கரைந்துவிடவில்லை. மறுவருடமே ஹாக் கர்மக் கொள்கையையும் மீட்பையும் எதிரெதிரே வைத்து ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். கேள்வியால் உடையக்கூடிய விசுவாசம் அவருடையது அல்ல.

இன்னொரு உதாரணம் பக்கத்திலேயே, புதுக்கோட்டையில். அந்தச் சமஸ்தானத்தின் தலைமை நீதிபதியாக இருந்த பி. செஞ்சையா போதகர் அல்ல, திருச்சபையில் சம்பளம் வாங்கும் ஊழியரும் அல்ல. 1938-இல் தாம்பரத்தில் உலக மிஷனரி மாநாடு கூடியபோது, அதற்கென்றே டச்சு அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமர் எழுதிய நூலுக்கு எதிர்வாதம் வைத்தவர்களில் அவர் முக்கியமானவர். வழக்கறிஞர் சக்கரையும் அவருமாக நண்பர்கள் சிலர் சேர்ந்து கிறிஸ்தவத்தை இந்திய மண்ணில் மறுசிந்தனை செய்யும் தொகுப்பு நூலையே கொண்டுவந்தார்கள். அதில் எல்லாமே எனக்கு உடன்பாடு இல்லை. திருச்சபை என்ற அமைப்பை செஞ்சையா ரொம்பவும் இளக்காரமாக நினைத்தார் என்பது என் கருத்து. இருக்கட்டும். நீதிமன்றத்தில் சாட்சியங்களை எடைபோட்ட மூளையை அவர் வேதத்தைத் திறக்கும்போது கழற்றி வைக்கவில்லை.

கேள்விக்கு இடம் கொடுத்தால் இளைஞர்களின் விசுவாசம் ஆட்டம் காணும் என்பார்கள். இளைஞர்கள் ஏற்கெனவே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள், நம்மிடம் அல்ல, கைப்பேசியிடம். நாம் பதில் சொல்லத் தயங்குவது பரிணாமக் கொள்கைக்குப் பயந்தும் அல்ல. பயம் வேறு: கேள்வி ஒருமுறை உள்ளே வந்தால் அது ஆதியாகமத்தோடு நிற்காது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்துச் சுவர் ஏன் எழும்பியது என்று கேட்கும். நம் ஜெபக் கூட்டத்தில் உதவியாளரும் துப்புரவுப் பணியாளரும் ஏன் எப்போதும் கடைசி வரிசை என்று கேட்கும். அடுத்த கூட்டத்தில் ஜெபக்குறிப்புகளைப் பத்து நிமிடத்தில் முடித்துக்கொண்டு, மிச்ச நேரத்துக்கு இந்த இரண்டையும் எடுத்துக்கொள்வோம். பேச்சைத் தொடங்கும் வாய்ப்பு பேராசிரியர்களுக்கு வேண்டாம். கடைசி வரிசையிலிருந்து ஆரம்பிக்கட்டும்.