மந்தையில்லா ஊரில் மந்தைக்காவல் நாய்

ஹட்டன், நுவரெலியாப் பக்கங்களில் சிறுத்தை நாயைத் தூக்கிச் சென்றது, மாட்டுக் கொட்டிலை நெருங்கியது என்ற செய்தி வரும்போதெல்லாம் ஒரு யோசனையும் கூடவே வருகிறது. காக்கேசியன் ஷெப்பர்ட், கங்கால் என்று ஏதாவதொரு பெரிய மந்தைக்காவல் நாயை வாங்கிவிட்டால் வீடும் மாடும் பிழைக்கும் என்பதே அது. "நமது குளிருக்கு ஏற்ற சாதி" என்ற பரிந்துரையும் சேர்ந்துகொள்ளும். இந்த யோசனை தவறானது. தோட்டப்புறத்தில் ஆபத்தானதும் கூட.

குளிர் ஏற்றதுதான், மறுப்பதற்கில்லை. ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் குளிரை அந்த அடர்ந்த உரோமம் தாங்கும். ஆனால் அந்த நாய்க்குக் குளிர் மட்டும் போதாது, தொழிலும் வேண்டும். அனத்தோலிய மேட்டுநிலங்களிலும் காக்கேசிய மலைகளிலும் ஆட்டு மந்தையோடு இரவு பகலாகத் திரிவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்டவை இவை. குட்டிப் பருவத்திலேயே ஆடுகளோடு விடப்பட்டு, அவற்றையே தம் சுற்றமாகக் கொள்பவை. மேய்ப்பனின் கட்டளைக்குக் காத்திராமல் தாமே முடிவெடுப்பவை. அந்நியர் யார் என்பதையும் அவையே தீர்மானிக்கும்.

மலையகத் தோட்டங்களில் மந்தை எங்கே? ஒரு குடும்பத்திற்கு ஒன்றிரண்டு பசுக்கள். அவையும் கொட்டிலில் கட்டி, புல் அறுத்துப் போட்டு வளர்க்கப்படுபவை. காக்க மந்தை இல்லாத நாய் இஸ்தோப்பைக் காக்கத் தொடங்கும். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் அறைகள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக நிற்கும் இடத்தில் அதன் கண்ணுக்கு அந்நியர் யார்? பீலிக்கரைக்குப் போகும் அடுத்த வீட்டுப் பெண். பந்தைத் தேடி வரும் சிறுவன். அதிகாலையில் பெரட்டுக்குச் செல்லும் தொழிலாளி. ஐம்பது, அறுபது கிலோ எடையுள்ள நாய் ஒருமுறை தவறாக முடிவெடுத்தாலே போதும்.

வேலி அடிக்கலாமே என்பார்கள். தோட்டக் காணியில் தன் விருப்பப்படி வேலி அடிக்கும் உரிமை லயத்துக் குடும்பத்திற்கு உண்டா? எனவே சங்கிலிதான் கதி. ஆண்டுக்கணக்கில் சங்கிலியில் கிடக்கும் நாய் மூர்க்கமடையும். அவிழ்த்து விட்டாலோ, பன்றிக்கென வைக்கப்படும் கம்பிப் பொறிகள் காத்திருக்கின்றன. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் ஒரு கருஞ்சிறுத்தையே அவ்வாறு சிக்கி, சில நாட்களில் இறந்தது.

நமீபியாவை உதாரணம் காட்டுவோர் உளர். சீற்றா பாதுகாப்பு நிதியம் அங்கு 1994 முதல் பண்ணையாளருக்கு இத்தகைய நாய்களை வழங்கி வருவது உண்மை. ஆனால் அங்கே மந்தை உண்டு, பரந்த வெளி உண்டு. சீற்றாவும் மோதலைத் தவிர்க்கும் விலங்கு. நமது சிறுத்தையோ நாயை இரையாகவே கொள்வது. கட்டிக் கிடக்கும் நாய், எத்துணைப் பெரிதாயினும், ஓடவும் முடியாது.

செலவையும் எண்ணுங்கள். 2024இல் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. அவ்வளவு பெரிய உடலுக்கு நாள்தோறும் தீனியிட்டு, கால்நடை வைத்தியருக்கும் கொடுத்தபின் பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும்? மதிலும் பரந்த காணியும் உள்ள பங்களாவாசிகள் செலவைத் தாங்கலாம். கடியைத் தாங்குபவர் தோட்ட வேலைக்காரரும் தபால்காரருமே.

மாட்டுக்கு வேண்டியது இரவில் பூட்டக்கூடிய கதவுள்ள உறுதியான கொட்டில். வீட்டு நாய்க்கு வேண்டியது இரவில் உள்ளே ஓரிடம். மனிதருக்கு வேண்டியது தனி வீடும், பாதையில் வெளிச்சமும், குப்பை அகற்றலும்; குப்பை மேடு தெருநாய்களைக் கூட்டும், தெருநாய்கள் சிறுத்தையை அழைக்கும். இவற்றைத் தோட்ட நிர்வாகத்திடமும் அரசிடமும் கேட்டுப் பெறவேண்டும். அவர்கள் செய்யத் தவறிய கடமையை ஒரு நாயின் கழுத்தில் கட்டுவது காவலன்று.