வண்டிக்கு இடமில்லை என்றால் வாடகை எதற்கு?

மாதம் பிறந்தால் நாங்கள் கொடுக்கும் வாடகைப் பணம் வீட்டுக்காரர்களின் கண்ணை உறுத்துவதில்லை. அந்தப் பணத்தைச் சம்பாதித்துத் தரும் வண்டி வாசலில் நிற்பது மட்டும் ஏன் உறுத்துகிறது?

நான் கோவில்பட்டியில் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறவன். கடலைமிட்டாயும் தீப்பெட்டிப் பண்டலும் ஏற்றிக்கொண்டு சாத்தூர், விளாத்திகுளம், கயத்தாறு என்று போய்வருவதுதான் பிழைப்பு. 2020-ல் எங்கள் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊருக்கே பெருமை. அதைக் கடை கடையாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவனுக்கு ராத்திரி வண்டியை நிறுத்த ஊரில் ஓரிடம் கிடையாது.

எட்டயபுரம் ரோடு, பசுவந்தனை ரோடு, மந்தித்தோப்பு ரோடு, எங்கே போனாலும் ஒரே பேச்சு. பைக் என்றால் சரி என்பார்கள். கார் என்றால் உட்காரச் சொல்வார்கள். மஞ்சள் போர்டு என்றதும் முகம் மாறிவிடும். "குடும்பம் இருக்கிற இடம் தம்பி, லோடு வண்டியெல்லாம் சரிப்படாது." எங்களுக்குக் குடும்பம் இல்லையா?

கடைசியில் ஒருவர் சம்மதித்தார். போர்ட்டிகோவில் வண்டியை விட்டுக்கிடலாம் என்று சொல்லித்தான் வாடகையைக் கூட்டினார். அதைப் பத்திரத்தில் எழுதச் சொன்னேன். "எம் பேச்சைவிடப் பத்திரம் பெரிசா?" என்றார். அட்வான்சை எண்ணி வாங்கிக்கொண்டார். சில மாதங்களில் அவர் மருமகன் கார் வாங்கினார். "தம்பி, வண்டிய இனிமே வெளிய போட்டுக்கிடுங்க." கூட்டிய வாடகையை அவர் குறைக்கவே இல்லை.

வெளியே என்றால் எங்கே? பக்கத்துக் காலி மனை முழுக்கக் கரிசல். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் மண், ஐப்பசி மழையில் தண்ணீரைக் குடித்து உப்பிவிடும். டயரைப் பிடித்தால் விடாது. ஒரு நாள் விடியுமுன் சரக்கேற்றப் போக வேண்டியவன் மண்வெட்டியோடு சேற்றில் நின்றேன். என் மனைவி பின்னாலிருந்து தள்ளினாள். சக்கரம் சுழன்று அவள் முகமெல்லாம் சேறு. மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மனிதர் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைய நடை போனது. அதன்பின் ரோட்டோரம் விட்டேன். பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். புகார் சொல்லப் போன இடத்தில், "ரோட்டில ஏன் விட்டீங்க?" என்று என்னையே கேட்டார்கள். அந்த மாதம் வண்டித் தவணை கட்ட முடியவில்லை.

நான் கேட்டது சலுகையா? தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. தண்ணீர், மின்சாரம், மாடிப்படி விளக்கு ஆகியவற்றோடு வண்டி நிறுத்தும் இடத்தையும் அது அத்தியாவசிய வசதியாகச் சொல்கிறது. கொடுத்த வசதியை நினைத்தபோது பறிக்க முடியாது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவாக வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவரை வாடகை அதிகாரியாக ஆட்சியர் நியமிக்க வேண்டும். ஒரு மாத வாடகையைக் கமிஷனாக வாங்கிய புரோக்கர் இதில் ஒன்றையும் சொல்லவில்லை. சட்டத்தை நான் வீட்டுக்காரரிடம் எடுத்துச் சொன்ன அன்றே பதில் வந்தது: "சட்டம் பேசுறவருக்கு எம் வீட்டில இடமில்ல. காலி பண்ணிக்கிடுங்க." அட்வான்சில் வெள்ளையடிக்க ஒரு தொகை, மோட்டாருக்கு ஒரு தொகை என்று பிடித்துக்கொண்டார். பாதி வருடத்தில் பிள்ளைகளின் பள்ளியை விட்டு வெகுதூரம் குடிபோனோம். இதை யாரிடம் போய்ச் சொல்வேன்?

வீட்டுக்காரர்களே, இடம் தர முடியாதென்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். இடத்துக்கும் சேர்த்துக் காசு வாங்கிவிட்டுப் பிறகு எங்களைத் தெருவில் தள்ளாதீர்கள். என்னைப் போல வண்டியை வைத்துப் பிழைக்கிறவர்களே, வண்டி எங்கே நிற்கும் என்பது பத்திரத்தில் ஏறாமல் ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.