கன்று கொடுப்போர் கைப்பழக்கமும் கொடுக்கட்டும்

மாரி தொடங்கும் காலமானால் மரக்கன்றுகளும் வந்துவிடும். பாடசாலை முற்றத்திலோ சனசமூக நிலையத்திலோ வரிசையில் நின்று, கையெழுத்து வைத்து, ஆளுக்கு ஒரு மாங்கன்றும் ஒரு தேசிக்கன்றும் பெற்றுக்கொண்டு வீடு திரும்புவது இடம்பெயர்ந்த குடும்பங்களுக்குப் பழகிப்போன காரியம். கன்று கொடுப்போரின் நல்ல மனதை நாம் குறை கூறவில்லை. ஆனால் அடுத்த மாரியில் அதே வளவுக்குப் போய், "போன முறை தந்த கன்று எங்கே?" என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. கேட்டால் மறுமொழி பலவிதமாக வரும். ஆடு கடித்துவிட்டது, பங்குனி வெயிலில் கருகிவிட்டது, கிணற்று நீர் உவர், காணிக்காரர் வந்தார், நாங்கள் வீடு மாறிவிட்டோம்.

இதிலே நாம் சொல்ல விரும்புவது ஒன்றுதான். பயன்தரு மரங்களைப் பொறுத்தவரை எமது குடும்பங்களுக்கு முதலில் வேண்டியது ஒட்டும் கைத்திறன். கன்று அதற்கு அடுத்தபடி. கொடுத்த கன்று பட்டால் அத்தோடு சரி. பழகிய கை பட்டுப்போவதில்லை. எங்கே இடம்பெயர்ந்தாலும் அது கூடவே வரும்.

வேலணைத் தீவிலுள்ள புளியங்கூடலை எடுத்துக்கொள்வோம். பெயரிலேயே புளியைத் தாங்கி நிற்கும் ஊர். அயலிலுள்ள நாரந்தனையின் பெயரிலும் நாரத்தையைக் குறிக்கும் 'நாரந்தம்' என்ற பழஞ்சொல் கேட்கிறது. பனையும் தென்னையும் வேம்பும் சூழ்ந்த அந்தப் பக்கத்து வளவுகளில் கிணற்றடியில் ஒரு தேசி, கோடியில் ஒரு மாதுளை, முற்றத்தில் ஒரு மா என்பது வழமை. 1990 ஆம் ஆண்டு ஆவணியில் தீவகத்துச் சனம் பெருந்தொகையாக வீடு வாசலை விட்டு வெளியேறியது. யாழ்ப்பாணப் பக்கம் வந்து ஒதுங்கியவர்கள் 1995 ஐப்பசி 30 இல் வலிகாமத்து மக்களோடு சேர்ந்து மறுபடியும் நடந்தார்கள். தென்மராட்சி, வன்னி என்று அலைந்து, 2009 வரை எத்தனையோ இடங்களில் கொட்டில் போட்டவர்களும் உண்டு. காணி உறுதியையும் குடும்ப அட்டையையும் மடியில் கட்டிக்கொண்டு போக முடிந்தது. மரத்தைக் கொண்டு போக முடியவில்லை.

உண்மையில் மரத்தையும் கொண்டு போகலாம். ஒரு சாண் நீளமான கிளைத்துண்டு போதும். ஈரத்துணியில் சுற்றி, வாழைமடலில் வைத்து நிழலில் வைத்திருந்தால் இரண்டு மூன்று நாளைக்கு உயிரோடிருக்கும். அதிலுள்ள ஓர் அரும்பை வேறொரு கன்றின் தோலுக்குள் பொருத்திவிட்டால், பழைய வளவில் நின்ற அதே மரம் புதிய வளவில் தழைக்கும். வேர் மட்டும்தான் வேறு. பழமும் அதன் மணமும் சுவையும் அதே மரத்தினுடையவை.

இதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. பிறேசில் நாட்டின் பாகியா என்ற இடத்தில் விதையில்லாத ஒரு தோடை தோன்றியது. விதையில்லாததால் அதைப் பெருக்க ஒட்டுவதைத் தவிர நல்ல வழியில்லை. 1870 இல் அமெரிக்க விவசாயத் திணைக்களம் அதன் ஒட்டுக்கன்றுகளை எடுப்பித்தது. அவற்றிலிருந்து வந்த கன்றுகள் 1873 அளவில் கலிபோர்னியாவிலுள்ள றிவர்சைட் என்ற ஊரில் எலிசா திபெற்ஸ் என்ற பெண்மணிக்குக் கிடைத்தன. அந்த மாநிலத்தின் பெரிய தோடைச் செய்கை அவற்றிலிருந்தே எழுந்தது. 1918 இல் அம்மரத்தின் வேர்ப்பகுதி நோயுற்றபோது, அடியைச் சுற்றி இளங்கன்றுகளை நட்டு, அவற்றை மரத்தின் உடம்பிலேயே ஒட்டிப் புதிய வேர்களைக் கொடுத்தார்கள். அந்தக் கிழமரம் இன்றும் நிற்கிறது. எங்கள் நாட்டிலேயும் மொனறாகலைப் பக்கத்துப் பிபிலையின் பெயரைச் சுமந்த தோடை, ஒட்டுக்கன்றாகப் பல மாவட்டங்களுக்குப் போயிருக்கிறது. அப்படியிருக்கப் புளியங்கூடல் கிணற்றடித் தேசியும் முற்றத்துக் கறுத்தக்கொழும்பானும் அங்கேயே பற்றைக்குள் நின்று மடியவேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

"விதை போட்டால் முளைக்காதா, ஏன் இந்தப் பாடு?" என்று கேட்கலாம். முளைக்கும். ஆனால் மாங்கொட்டையிலிருந்து வரும் மரம் தாயைப் போலவே காய்க்கும் என்று நம்பியிருக்க முடியாது. காய்க்கவும் ஆறு, ஏழு ஆண்டுகள் செல்லும். தேசி விதை பெரும்பாலும் தாயைப் போன்ற கன்றையே தரும் என்றாலும் முள் மிகுந்து, உயர்ந்து, காய்க்கச் சுணங்கும். காய்த்த மரத்தின் அரும்பை ஒட்டினால் தேசி இரண்டு மூன்று ஆண்டில் காய் காட்டும். மா மூன்று நான்கு ஆண்டில் பூக்கும். எத்தனை நாளைக்கு இந்த இடத்தில் இருப்போமோ என்று ஏங்கும் குடும்பத்துக்கு இந்தச் சில ஆண்டு வித்தியாசம் சிறிய விடயம் அல்ல.

ஒட்டுவது மந்திர வித்தையும் அல்ல. மரத்தின் தோலுக்கும் வைரத்துக்கும் இடையில் வழுவழுப்பான மெல்லிய பச்சைப் படை ஒன்று உண்டு. பாடப் புத்தகங்களில் அதை மாறிழையம் என்பார்கள். வளர்ச்சி நடப்பது அதிலேதான். இரண்டு மரங்களின் மாறிழையமும் ஒன்றையொன்று தொட்டு, காயாமல், அசையாமல் மூன்று கிழமை இருந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். மற்றதெல்லாம் கைச் சுத்தமும் கத்தியின் கூரும்தான்.

தேசிக்கும் தோடைக்கும் அரும்பொட்டு இலகுவானது. பென்சில் பருமனுள்ள கட்டைக்கன்றில், நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில், குறுக்கே ஒரு வெட்டும் அதன் நடுவிலிருந்து கீழே ஒரு அங்குல வெட்டும் போட்டுத் தோலை மெல்லக் கிளப்பவேண்டும். காய்த்த மரத்தின் உருண்டையான, முற்றிய கிளையிலிருந்து இலைக்காம்பு விட்டு இலையை வெட்டி, அரும்பைத் தோலோடு சீவி எடுத்து உள்ளே இறக்கவேண்டும். பின்னர் பொலித்தீன் நாடாவால் இறுக்கிச் சுற்றவேண்டும். மூன்று கிழமையில் காம்பைத் தொட்டதும் அது கழன்று விழுந்து அரும்பு பச்சையாக இருந்தால் ஒட்டு பிடித்துவிட்டது. காம்பு கருகி ஒட்டிக்கொண்டு நின்றால் மறுபக்கத்தில் இன்னொருமுறை ஒட்டலாம். மாவுக்கு ஆப்பு ஒட்டு நல்லது. ஒட்டும் கிளையின் இலைகளை ஒரு கிழமைக்கு முன்னரே கத்தரித்துவிட்டு, நுனி அரும்பு பருத்ததும் வெட்டி ஆப்புப் போலச் சீவி, இளங்கன்றின் பிளந்த தண்டில் செருகிக் கட்டி, மேலே பொலித்தீன் பை கவிழ்க்கவேண்டும். மாதுளைக்கும் கொய்யாவுக்கும் கிளையிலேயே தோலை ஒரு அங்குலம் வளையமாக உரித்து, ஈரத் தும்புத்தூள் வைத்துக் கட்டும் காற்றுப்பதி போதும். இரண்டு மாதத்தில் வேர் தெரியும்.

முதல் பத்தில் ஐந்து பிடித்தாலே நல்ல கை. பட்டவை பயிற்சிக் கணக்கில் சேரும். பிள்ளைகளும் பெண்களும் இதை ஒரு நாளில் கண்டு, ஒரு மாரியில் பழகிவிடலாம். கூர்மையான சிறு கத்தி, பொலித்தீன் நாடா, பொறுமை, இவ்வளவே மூலதனம். ஐம்பது கன்று ஒட்டக்கூடிய ஒருவர் தமது வளவுக்கும் அயலுக்கும் கொடுத்து, மிகுதியைச் சந்தையில் விற்கவும் முடியும். காணி இல்லாத குடும்பத்துக்கும் கைகொடுக்கும் தொழில் இது.

எமது நிலத்துக்கு ஒட்டு இன்னொரு வகையிலும் உதவும். தீவகத்தின் நல்ல நீர் உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நீர்மட்டத்தை ஒரு அடி தாழ்த்தினால், அடியிலுள்ள உப்பு நீர் நாற்பது அடிவரை மேலெழும்பக்கூடும் என்பது அறிவியற் கணக்கு. இயந்திரம் பூட்டி இறைத்த கிணறுகள் உவராவது இதனால்தான். தேசியும் மாவும் உப்பைத் தாங்காத மரங்கள். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச் சத்தை எடுக்க முடியாமல் தேசியின் இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க மஞ்சளித்துப் போகும். உப்பையும் சுண்ணாம்பையும் ஓரளவு பொறுக்கும் கட்டைகளாக ரங்பூர் எலுமிச்சையும் கிளியோபட்ரா மந்தரினும் பல நாடுகளில் பயன்படுகின்றன. கன்று கொடுப்பவர்களிடம், "இது எந்தக் கட்டையில் ஒட்டியது?" என்று கேட்கும் உரிமை எமக்கு உண்டு. கட்டையைப் பாராத செய்கைக்கு என்ன நேரும் என்பதைத் தென்னமெரிக்கா கண்டது. 1930 களிலிருந்து ஆர்ஜென்ரீனாவிலும் பிறேசிலிலும், கசப்புத் தோடைக் கட்டையில் ஒட்டிய இலட்சோப இலட்சம் தோடை மரங்கள் ஒரு வைரசு நோயால் மடிந்தன. வேறு கட்டைகளுக்கு மாறிய பின்னரே அங்கே தோடைச் செய்கை நிமிர்ந்தது.

கிணறு முழுதும் உவராகிவிட்ட இடத்தில் தேசிக்காகப் பிடிவாதம் பிடிக்கவேண்டாம். அங்கே இலந்தை இருக்கிறது. இந்தியாவின் வரண்ட ராஜஸ்தானில் காட்டிலந்தையின் கட்டையில் பெரும்பழ இலந்தையை ஒட்டி நல்ல பயன் கண்டிருக்கிறார்கள். சப்போட்டாவும் மாதுளையும் தேசியை விட உப்பைத் தாங்கும். நிலத்துக்கு ஏற்ற மரத்தைத் தெரிவு செய்வதும் கைத்திறனில் ஒரு பகுதியே.

இனி, எதிர்க்கேள்விகளுக்கு வருவோம். "பிறர் காணியில் இருக்கிறோம், மரம் நட்டு யாருக்கு லாபம்?" என்பது நியாயமான கேள்வி. கத்தரியும் மிளகாயும் மூன்று மாதத்தில் பலன் தரும், மரம் அப்படியல்ல. அதனால்தான் பழைய பரலிலும் உரப்பையிலும் ஒட்டுத்தேசி வளர்க்கச் சொல்கிறோம். மேல்மண், மணல், மக்கிய மாட்டெரு மூன்றும் கலந்து நிரப்பி, அடியில் துளையிட்டு, தினமும் அளவாக நீர் விட்டால் சில ஆண்டுகளுக்குக் காய் தரும். வீடு மாறினால் கூடவே ஏற்றிக்கொள்ளலாம். நிலத்தில் நடுவதானால் காணிக்காரருடன் முன்கூட்டியே பேசி, மரம் யாருக்கு, பலனில் பங்கு என்ன என்பதை நாலு பேர் அறிய எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காணிக்காரர்களும் ஒன்றை நினைத்துப் பார்க்கவேண்டும். ஆளில்லா வளவு பற்றையாவதை விட, அங்கே இருப்பவர் வைத்த மரம் நிழலாக நிற்பது யாருக்கு நட்டம்?

"ஒட்டினால் நோயும் சேர்ந்து வராதா?" என்று விடயம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். வரும். தேசி, தோடையைக் கொல்லும் பச்சையாதல் நோயும் சில வைரசுகளும் ஒட்டுக்கிளையோடு பரவக்கூடியவை. ஆகவே மஞ்சளித்த, நுனி காய்ந்து வரும் மரத்திலிருந்து ஓர் அரும்பும் எடுக்கக்கூடாது. ஒவ்வொரு மரத்துக்கும் கத்தியைத் துடைத்து, கொதிநீரிலோ வெளிற்றும் மருந்துக் கரைசலிலோ கழுவவேண்டும். சந்தேகமானால் விவசாயப் போதனாசிரியருக்குக் காட்டவேண்டும். அடுப்புக்குப் பயந்து சமைக்காமல் இருப்பவர் இல்லையே.

கன்று நட்ட பின் செய்யவேண்டியவையும் உண்டு. ஒட்டுப் பொருந்திய இடம் மண்ணுக்கு மேலே நிற்கவேண்டும். நீர் அடிமரத்தைத் தொடாமல் சுற்றிவர வட்டப்பாத்தி கட்டி விடவேண்டும். இல்லையேல் அடி அழுகும். ஒட்டுக்குக் கீழே கட்டையிலிருந்து வெடிக்கும் தளிரைக் கண்டவுடன் கிள்ளவேண்டும். விட்டால் ஒரு நாள் நல்ல ஒட்டு மறைந்து, முள்மரம் மட்டும் மிஞ்சும்.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. மறுவாழ்வுப் பணி செய்வோர், நூறு கன்றுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை ஊருக்கு இருவரை ஒட்டப் பழக்குவதற்கு ஒதுக்கட்டும்; கொடுத்த கன்றின் எண்ணிக்கையை விட்டு, மூன்றாம் ஆண்டில் உயிரோடு நிற்பதை எண்ணட்டும். புளியங்கூடல் போன்ற ஊர்களில் இன்றும் தாக்குப்பிடித்து நிற்கும் நல்ல தாய்மரங்களை, கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கும் காணிக்காரரின் சம்மதத்தோடு, ஊர்ச்சங்கங்கள் பதிவு செய்யட்டும். முப்பது ஆண்டுக்கு மேல் பராமரிப்பின்றி, அந்த மண்ணிலும் அந்த நீரிலும் பிழைத்த மரத்தைவிடச் சோதித்துப் பார்த்த மரம் எந்த நாற்றுமேடையில் கிடைக்கும்? அந்த மரங்கள் நிரந்தரமானவையல்ல. ஒரு சூறாவளி, ஒரு கோடரி போதும்.

மூன்றாவது, வாசகர்களே, உங்களிடம் கேட்பது. இந்த மாரிக்கு நல்ல எலுமிச்சை விதைகளைக் காயவிடாமல் பையில் போடுங்கள். அடுத்த மாரிக்குள் அவை பென்சில் பருமனாகும். அதற்கிடையில் ஊருக்குப் போய்வரும் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். அவர் திரும்பி வரும்போது ஈரத்துணியில் சுற்றிய ஒரு சாண் கிளை கொண்டுவரட்டும். உங்கள் கையில் ஒரு கூரிய கத்தி ஆயத்தமாக இருக்கட்டும்.