குளம் வற்றட்டும்



ஆகஸ்ட் விடுமுறைக்கு மின்னேரியா போய்வருகிறவர்கள் சில வருடங்களாக ஒரு குறை சொல்கிறார்கள்: "ஜீப்புக்குச் செலவழித்ததுதான் மிச்சம், யானையைக் காணோம்." அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். குளத்தில் தண்ணீர் எவ்வளவு இருந்தது?

மின்னேரியாக் குளம் மூன்றாம் நூற்றாண்டில் மகாசேன மன்னன் வயலுக்காகக் கட்டியது. சிறுபோகத்துக்குத் துருசு திறந்து தண்ணீர் போகப் போக, ஜூலையிலிருந்து குளம் உள்வாங்கும். காய்ந்த தரையில் இளம்புல் முளைக்கும். சுற்றியுள்ள காடெல்லாம் வறண்டு, இலை முற்றிக் கிடக்கும் நேரம் அது. அப்போதுதான் பல திசைகளிலிருந்தும் யானைக் கூட்டங்கள் குட்டிகளோடு வந்து சேரும். நல்ல வருடத்தில் ஒரே மாலையில் முந்நூறு யானை வரைகூட நிற்கும். 1997இல் இந்த இடம் தேசியப் பூங்காவானது. ஆனால் யானைகளை இழுத்த அந்தப் புல்வெளியை உண்டாக்கியது கமக்காரனின் நீர்ப்பாசனம் என்பதை நாம் பெரிதாக நினைப்பதில்லை.

பின்னர் மொரகஹகந்த நீர்த்தேக்கம் நிரம்பத் தொடங்கியது. அதன்பின் வற்ற வேண்டிய மாதங்களிலும் அங்கிருந்து மின்னேரியாவுக்குத் தண்ணீர் வந்த வருடங்கள் உண்டு. புல் முளைக்க வேண்டிய தரை நீருக்கடியில் போயிற்று. யானைகள் கவுடுல்ல பக்கமும் ஹுருலு காட்டுப் பக்கமும் திரும்பின. பூங்காவின் எல்லை ஓர் அடிகூட மாறவில்லை. வரைபடத்தைப் பார்க்கிற அதிகாரிக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். பால்கொடுக்கும் தாய் யானைக்கோ இரண்டு மாதப் புல் போய்விட்டது. பசித்த யானை அடுத்துத் தேடுவது யாருடைய வயலை என்று பொலன்னறுவைக் கமக்காரரிடம் கேட்க வேண்டியதில்லை.

கமத்துக்குத் தண்ணீர் வேண்டாம் என்று யார் சொல்வார்? நான் சொல்லமாட்டேன். ஆனால் ஜூலை முதல் செப்டம்பர் வரை நீர்மட்டத்தை எந்த அளவுக்கு இறங்கவிடுவது என்பதை நீர்ப்பாசனக்காரரும் மகாவலிக்காரரும் வனஜீவராசிகள் திணைக்களமும் ஒரே மேசையில் இருந்து பேசித் தீர்க்கலாம். இன்னுமொரு மின்வேலியைவிட அது மலிவானது. இலங்கையில் யானை நடமாடும் நிலத்தில் ஏறக்குறைய 70 சதவீதத்தில் மனிதரும் குடியிருக்கிறார்கள். அத்தனைக்கும் வேலி போட்டுவிட முடியாது.

இந்த வருடம் அங்கே போகிறவர்கள் பார்த்ததை எங்களுக்கு எழுதுங்கள். யானை நின்றதா என்பதோடு, தண்ணீர் எதுவரை நின்றது என்பதையும் சேர்த்து.

அன்புடன்,
ஆசிரியர்